மேனேஜரின் மூத்திரப்பை

"மேனேஜர் உள்ளே இருக்கார்" என்று அந்தச் சலவைக் கடையில் சொன்னால், புதிதாக வருகிறவர்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்ப்பார்கள். இஸ்திரி மேசைக்கு அடியில், சூடு இறங்கும் இடமாகப் பார்த்து, பழுப்பு நிறத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். வேலை எதுவும் செய்யாது. செய்கிறவர்களைப் பார்த்து உறுமும். மதியம் சாப்பிட்ட கையோடு தூங்கிவிடும். இதற்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

பெயர் வைத்தவர் இஸ்திரிக்காரர். கடை அவர் மனைவியின் பெயரில், மனைவியின் கையில், மனைவியின் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கென்று அங்கே இருந்தவை ஒரு இஸ்திரிப் பெட்டியும் ஒரு நாயும்தான். யாரோ போட்டுவிட்டுப் போன அழுக்கு மூட்டைக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தது. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிற ஒரே ஜீவன் அந்த வீட்டில் அதுதான்.

மனைவியைச் சுற்றுவட்டாரத்தில் 'கறை டாக்டர்' என்பார்கள். முதலில் யாரோ கிண்டலுக்குச் சொன்னது. அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு துணியாக வாசல் வெளிச்சத்தில் பிடித்து, கறையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "இது காபி. இது பேனா மை. இது குழந்தை வாந்தி. இது... சார், இதை வீட்ல பார்க்கறதுக்கு முன்னாடி நீங்க வாங்கிட்டுப் போயிடறது நல்லது." கல்லாவுக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தாள்: 'கறையைத் தவறாகச் சொன்னால் சலவை இலவசம்'. இதுவரை யாருக்கும் அங்கே இலவசமாகத் துவைத்ததில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் மேனேஜர் படுத்த இடத்திலேயே மூத்திரம் போக ஆரம்பித்தது.

முதலில் தரையில் போனது. இஸ்திரிக்காரர் மனைவிக்குத் தெரியாமல் துடைத்துவிட்டார். அடுத்து, தாழ்வாகத் தொங்கிய ஒரு வக்கீலின் கறுப்பு அங்கியின் ஓரம். கறுப்பு என்பதால் வக்கீலுக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருக்கலாம். மூன்றாவதாக, டெலிவரிக்கு மடித்து வைத்திருந்த ஹோட்டல் மேசை விரிப்புகள். அந்த ஹோட்டல்தான் கடைக்குச் சோறு போடுவது. அதன் மேற்பார்வையாளர் ஒரு விரிப்பை மூக்கருகே கொண்டுபோய், பிறகு மிக மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"இந்தாங்க, கடைசியாச் சொல்லிட்டேன்" என்றாள் கறை டாக்டர், அவர் போனதும். "இன்னும் ஒரே ஒரு துணி நனையட்டும். நாய்க் காப்பகத்துக்குப் போன் போட்டு இவனை அனுப்பிடுவேன்."

"வயசாயிடுச்சும்மா அதுக்கு. காப்பகத்துல கெழட்டு நாயை யாரு..."

"வயசு நமக்கும்தான் ஆகுது. நாம என்ன மேசைக்கடியிலயா போறோம்?"

இதற்குப் பதில் சொல்லப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள இஸ்திரிக்காரர் தயாராக இல்லை. குனிந்து மேனேஜரைப் பார்த்தார். அது வாலை ஒருமுறை தரையில் தட்டியது. இதைக் கொண்டுபோய் எங்கேயோ ஒரு கம்பிக் கூண்டில் விட்டால், தான் யாரோடு பேசுவது?

மிருக டாக்டரிடம் காட்டலாம் என்ற யோசனை அவருக்கு வரத்தான் செய்தது. அதைச் சொல்லி வாயை மூடுமுன் கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள்.

கறை டாக்டரின் தங்கை அவள். பார்க்காத தொழில் இல்லை. முதலில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றாள். தண்ணீர்தான் உயிர் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பிறகு முடி வளர்க்கும் எண்ணெய். அப்புறம் உட்காரும் முறை குறித்து வகுப்பு எடுத்தாள்; நாற்காலியில் உட்காரத் தெரியாததால்தான் பாதிக் குடும்பங்கள் உடைகின்றன என்றாள். இப்போது செல்லப் பிராணிகளுக்கு இயற்கை வழியில் ஆரோக்கியம் சொல்லும் சேனல் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வீடியோவிலும் "வணக்கம் சொந்தங்களே" என்று கைகூப்புவாள். சொந்தமாக அவளிடம் நாய் கிடையாது. பயம்.

"டாக்டரா?" என்றாள், வாசற்படியிலேயே நின்றுகொண்டு. மேனேஜர் விழித்திருந்தது. "மாமா, அவங்க ஊசி போடுவாங்க, மாத்திரை குடுப்பாங்க, உடம்பெல்லாம் விஷமாயிடும். சிறுநீர்ப்பைங்கறது ஒரு பூ மாதிரி. அதை இயற்கையாத்தான் மலர வைக்கணும்."

"மலர வேண்டாம்டி, மூடிட்டு இருந்தாப் போதும்" என்றாள் அக்கா.

தங்கை மறுநாளே பையோடு வந்தாள். சோளக் கதிரின் நார், பார்ஸ்லி இலை, கிரான்பெர்ரி பொடி, ஆப்பிள் வினிகர், பூசணி விதை. எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்க வைத்தபோது கடையே மூக்கைப் பிடித்துக்கொண்டது. ஊர் அழுக்கையெல்லாம் முகர்ந்து பழகிய கறை டாக்டரே எழுந்து வாசலுக்குப் போனாள்.

"இதைத்தான் குடிக்கணும். பச்சைத் தண்ணி அடியோட கூடாது" என்றாள் தங்கை. "வெறும் தண்ணியில என்ன இருக்கு மாமா? ஒண்ணுமே இல்ல. தண்ணி உள்ள போகப் போகத்தானே வெளிய வருது?"

இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று இஸ்திரிக்காரருக்குப் பிடிபடவில்லை. மேனேஜர் வழக்கமாகத் துணி அலசும் தொட்டியின் விளிம்பில் வாய் வைத்துக் குடிக்கும். அந்தத் தொட்டிக்கு மூடி போட்டார்கள். கிண்ணத்தில் கஷாயத்தை ஊற்றி முன்னால் வைத்தார்கள். மேனேஜர் ஒரு நக்கு நக்கிவிட்டு, பண்டிகை வாரத்தில் விடுப்பு கேட்டவனைப் பார்ப்பது போல இஸ்திரிக்காரரைப் பார்த்தது. பிறகு கிண்ணத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"உடம்பு கேக்கறப்ப தானாக் குடிக்கும். இயற்கையை அவசரப்படுத்தக் கூடாது" என்றாள் தங்கை.

அதோடு நிற்கவில்லை. இரண்டாவது சிகிச்சைக்கு 'அடக்கப் பயிற்சி' என்று பெயர். நாய் வாசலைப் பார்த்துச் சிணுங்கினால் உடனே வெளியே விடக் கூடாது. அடக்கி அடக்கித்தான் பை வலுப்படும். இது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. கடை திறந்தால் மூடும்வரை தலைக்கு மேல் வேலை. நாயைத் தெருவுக்குக் கூட்டிப்போக ஏற்கெனவே ஆளில்லை. இதுநாள்வரை சோம்பலாக இருந்தது, இப்போது சிகிச்சை ஆகிவிட்டது.

குணமாகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்ற வீடுகளாக இருந்தால் நாயைப் பார்ப்பார்கள். இது சலவைக் கடை. இவர்கள் துணியைப் பார்த்தார்கள். தினமும் மேனேஜருக்கு அடியில் ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, காலையில் அதை உருவி வெளிச்சத்தில் பிடிப்பாள் கறை டாக்டர். "சாப்பாட்டுத் தட்டு அளவு" என்பாள். சில நாளில் "சாசர் அளவு" என்றாள். அப்புறம் "காசு அளவு". தங்கை ஒவ்வொரு விரிப்பையும் வீடியோ எடுத்துப் போட்டாள். சொந்தங்கள் கைதட்டினார்கள். தங்கள் வீட்டு நாய்க்கும், பூனைக்கும், ஒருவர் தன் மாமனாருக்கும் அளவு கேட்டார்கள்.

நாய் மெலிந்திருப்பதை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

ஒரு காலை விரிப்பில் வட்டம் எதுவும் இல்லை. செம்பழுப்பாகச் சில புள்ளிகள் மட்டும் இருந்தன. இஸ்திரிக்காரர் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

கறை டாக்டர் மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "துரு. மேசைக் காலு இரும்பு. ஈரத்துல துரு விட்டிருக்கு."

"மேசைக் காலு அந்தப் பக்கம்ல இருக்கு?"

"டாக்டர் நீங்களா, நானா?"

அவள் விரிப்பைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கசக்கினாள். புள்ளிகள் பச்சைத் தண்ணீரிலேயே கரைந்து போய்விட்டன. "பாத்தீங்களா? எந்த மருந்தும் போடலை, விட்டுடுச்சு. கை ராசின்னா இதான்" என்று ஈர விரிப்பை அவர் முகத்துக்கு நேரே உதறிக் காட்டினாள். அன்று முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கை ராசியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த காலை விரிப்பு சுத்தமாகக் காய்ந்திருந்தது. அதற்கும் அடுத்த காலையும் அப்படியே. அவள் அதை முகர்ந்தாள், உள்ளங்கையால் தடவினாள், மடித்தே வைத்துவிட்டாள். துவைக்கக்கூடத் தேவையில்லை! தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நீ உருப்படியாச் செஞ்ச மொதக் காரியம்டி இது" என்றாள். இஸ்திரிக்காரரின் முகத்திலும் பல்லெல்லாம் தெரிந்தது. மேனேஜர் இனி எங்கேயும் போக வேண்டாம். அவருக்கு வேறு என்ன வேண்டும்?

ஒன்றுதான் உறுத்தியது. அந்தச் சந்தோஷத்தில் அவர் கடை திறக்குமுன் தெருவுக்குக் கூட்டிப் போனபோது, மேனேஜர் விளக்குக் கம்பத்தருகே காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எதுவும் வரவில்லை. இரண்டடி நடந்து மறுபடி தூக்கியது. திரும்பி வந்து மேசைக்கடியில் படுத்து, தன்னையே நக்கிக்கொண்டிருந்தது.

"காலைத் தூக்குது, ஆனா போகலையேம்மா" என்றார் கொழுந்தியாளிடம்.

"அடக்கப் பயிற்சி பலிச்சிருக்கு மாமா!" என்று அவள் கண் கலங்கினாள். "தன்னடக்கம் வந்துடுச்சு அதுக்கு."

இந்த வெற்றியைச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டுவதென்று முடிவாயிற்று. மதிய நேரம், ஹோட்டல் விரிப்புகளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும், கடை நீராவியில் வெந்துகொண்டிருந்தது. தங்கை, நாயிடமிருந்து பாதுகாப்பான தூரத்தில், போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு நின்றாள். "வணக்கம் சொந்தங்களே! ஒரு சொட்டு மருந்தில்லாம, ஒரு ஊசியில்லாம, இதோ நம்ம மேனேஜர், ஒரு சொட்டுகூட..."

மேனேஜர் எழுந்து நிற்கப் பார்த்தது. பின்னங்கால்கள் கேட்கவில்லை. வாந்தி எடுத்தது. பிறகு அப்படியே பக்கவாட்டில் சரிந்தது.

"நச்சு வெளியேறுது சொந்தங்களே!" என்றாள் தங்கை.

இஸ்திரிக்காரர் குனிந்து வயிற்றைத் தொட்டார். தோல் பந்து போல விறைத்திருந்தது. தொட்டதும் மேனேஜர் ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை அவர் அதுவரை அதனிடம் கேட்டதில்லை. கடை திறந்த நாளிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைக்காத மனிதர், யாருடைய சட்டையின்மீதோ அதை அப்படியே விட்டுவிட்டு, கைக்கு எட்டிய விரிப்பை உருவி நாயைச் சுருட்டித் தூக்கினார்.

"ஐயோ, அது ஹோட்டல் விரிப்..." என்று ஆரம்பித்த கறை டாக்டர் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பாதியில் நிறுத்தினாள். கருகிக்கொண்டிருந்த சட்டையிலிருந்து பெட்டியைத் தூக்கி வைத்து, மின்சாரத்தை அணைத்து, ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். தங்கை போனோடு ஓடினாள். சொந்தங்கள் தெருவையெல்லாம் தலைகீழாகப் பார்த்தார்கள்.

மிருக டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். அவருடைய வெள்ளைக் கோட்டின் கைப்பகுதியில் காய்ந்த கறைகள். மேனேஜரின் வயிற்றில் கை வைத்ததுமே அவருடைய முகம் மாறியது.

"கடைசியா எப்போ யூரின் போச்சு?"

"போறதை நிறுத்திடுச்சு டாக்டர்" என்றாள் தங்கை. "முழுசாக் குணமாயிடுச்சு."

"நிறுத்தலைங்க. போக முடியலை" என்றார் டாக்டர். "பையில கல்லு இருந்து, வழியில வந்து அடைச்சிருக்கும். உள்ளயே தேங்கித் தேங்கி வெடிக்கிற நிலைமையில இருக்கு. தண்ணி நல்லாக் குடிச்சுதா?"

இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் நாளெல்லாம் ஓடுகிற கடையில், அதற்கு ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் மூடி போட்டிருந்தார்கள்.

"ரத்தம் கலந்து வந்துச்சா? முன்னாடி?"

"இல்லீங்க" என்றார் இஸ்திரிக்காரர்.

"இல்லவே இல்ல" என்றாள் தங்கை.

கறை டாக்டர் அந்த வெள்ளைக் கோட்டின் கைப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பழுப்பாகச் சில புள்ளிகள். கடையில் என்றால் வாசலிலேயே பெயர் சொல்லியிருப்பாள்.

"வந்துச்சு" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. "விரிப்புல வந்துச்சு. நான்தான் துருன்னு சொன்னேன்."

"அம்மா, பரவால்ல, நிறைய பேர்..."

"துரு பச்சைத் தண்ணியில போகாது டாக்டர்" என்றாள். "எத்தனை கசக்குனாலும் போகாது. ரத்தம்தான் போகும். என் கடையில மூட்டை தூக்கறவனுக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாதா? அது போச்சு. என் கண்ணு முன்னாடி போச்சு. நான் கை ராசின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

இஸ்திரிக்காரர் முதன்முறையாக மனைவியிடம் பேச வார்த்தை இருந்தும் பேசாமல் இருந்தார். அவருக்குக் கோபம் வந்தது. அதைவிட, அவள் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை எடுத்தார். தங்கை எட்டிப் பார்த்தாள். "டாக்டர், அது இயற்கை ரப்பர்ல செஞ்சதா?"

"நீங்க வெளிய உட்காருங்க" என்றார் டாக்டர்.

மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து உறுமல் கேட்குமா என்று இஸ்திரிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. தங்கை போனை நோண்டிக்கொண்டிருந்தாள். சேனலில் இதுவரை இவ்வளவு பேர் எதையும் பார்த்ததில்லை என்று ஒருமுறை சொன்னாள். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் போன் பைக்குள் போனது.

டாக்டர் வந்தபோது முகத்தில் வியர்வை. "கல்லை உள்ள தள்ளிட்டு, தேங்குனதை எடுத்தாச்சு. தப்பிச்சுக்கும். தேறுனதும் ஆபரேஷன் பண்ணிக் கல்லை எடுக்கணும். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா கிட்னி போயிருக்கும்."

இஸ்திரிக்காரர் பெஞ்சிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வெட்கப்படவில்லை.

"அப்போ இயற்கையா எதுவுமே செய்ய முடியாதா டாக்டர்?" என்றாள் தங்கை, விடாமல்.

"முடியுமே. கிண்ணத்துல எப்பவும் சுத்தமான பச்சைத் தண்ணி. சாப்பாட்டுலயும் தண்ணி கலந்து குடுங்க. அது வாசலைப் பார்த்தா உடனே வெளிய கூட்டிட்டுப் போங்க, அடக்க விடாதீங்க. நீங்க சொல்ற பொடி, எலை எல்லாம் இந்தக் கல்லையும் கரைக்காது, அடைப்பையும் எடுக்காது. போறதுல ஏதாவது மாத்தம் தெரிஞ்சா அன்னைக்கே இங்க தூக்கிட்டு வாங்க."

"அவ்வளவுதானா?" என்றாள். தங்கைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம்தான். வாரக் கடைசியில் சேனலில் 'பச்சைத் தண்ணீர் மருத்துவம்' என்று புதிய வகுப்பு தொடங்கியது. வீட்டு மூலையில் விற்காமல் கிடந்த சுத்திகரிக்கும் இயந்திரங்களின் தூசியையும் தட்டிவிட்டாள். முகப்பில் மேனேஜரின் படம். அனுமதி கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் மயிர் மழித்த பட்டையோடும் தையலோடும் மேனேஜர் மேசைக்கடிக்குத் திரும்பியது. தொட்டியின் மூடி குப்பைக்குப் போயிருந்தது. அது தலையை வாசல் பக்கம் திருப்பினாலே இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினார். வாடிக்கையாளர்கள் அரை மடிப்புச் சட்டையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கறை டாக்டர் அவரைத் தடுக்கவில்லை. அந்த நாள்களில் அவள் கறைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் குறைத்திருந்தாள். "பார்க்கலாம்" என்று வாங்கி வைத்தாள்.

ஒருநாள் ஹோட்டல் மேற்பார்வையாளர் நேரில் வந்திருந்தார். போன தடவை காணாமல் போன விரிப்பைப் பற்றிப் பேச வந்தவர். அவருக்கு எதிரிலேயே புது விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக்காரர் நூல் உருண்டை எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து மேனேஜர் எழுந்தது. வாசலைப் பார்த்தது. அவசரம் தாங்கவில்லை. மெல்ல நடந்து வந்து, அடுக்கின் ஓரத்தில் காலைத் தூக்கியது.

நீளமாக, தடையில்லாமல், சத்தத்தோடு போனது. முடியவே முடியாதோ என்று இருந்தது.

இஸ்திரிக்காரர் நூல் உருண்டையோடு உள்வாசலில் உறைந்து நின்றார். காப்பகம் பற்றிய பேச்சை யாரும் திரும்ப எடுத்திருக்கவில்லை. மேற்பார்வையாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இது?" என்றார்.

கறை டாக்டர் நனைந்த விரிப்பை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வெளிச்சத்தில் பிடித்து, ஓரம்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"மூத்திரம்" என்றாள். "சுத்தமான மூத்திரம். வெளிர் மஞ்சள். ஒரு புள்ளிகூடச் சிவப்பு இல்ல." கண்ணீர் கண்ணாடிக்குள்ளேயே நின்றது.

"அது எனக்கும் தெரியுதும்மா. இதை யாரு துவைக்கறது, யாரு கூலி குடுக்கறது?"

"நான் துவைக்கறேன். கூலி கிடையாது." கல்லாவுக்கு மேலிருந்த பலகையைக் காட்டினாள். "எழுதியிருக்குல்ல?"

அவர் படித்துப் பார்த்தார். "கறையைத் தப்பாச் சொன்னாத்தானே இலவசம்? நீங்க சரியாத்தானே சொன்னீங்க?"

"இன்னிக்கிதான் சரியாச் சொன்னேன் சார்" என்றாள் அவள். "இவன் கறையை ஒரு தடவை தப்பாச் சொல்லியிருக்கேன். இவனுக்கு ஆயுசுக்கும் இலவசம்."

விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மேனேஜர் அவளைப் பார்த்து ஒருமுறை உறுமிவிட்டு, மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.